உடையாத தட்டுக்கு ஒரு நடுவர்

ஏழுமலையின் கண்களில் எந்தக் குறையும் இல்லை என்று டாக்டர்கள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு வந்த தொல்லையெல்லாம் அந்தக் கண்களால் வந்ததுதான்.

இலங்கையில் அரநாயக்கப் பக்கம் ஹீன்கித்துல ரப்பர் தோட்டத்தில் அவர் வாச்சர். வாரத்தில் ஆறு நாள் சரிவில் ஏறி இறங்கிக் காவல் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை நீட்டிப் படுத்துக் கிடப்பார். ஐம்பத்து நான்கு வயதில் அவர் யாரிடமும் தனக்கென்று வேறு எதையும் கேட்டதில்லை. அந்த ஒரு நாள் போதும் என்றிருந்தார்.

அந்த ஒரு நாளும் பறிபோனது ஒரு வெள்ளிக்கிழமை. ஆபீசில் பெரிய கிளாக்கர் கஜேந்திரன் அவரைக் கூப்பிட்டு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"ஏழுமலை, அந்த எதிர் மலையில மாடு நிக்குதா?"

"நிக்குதுங்கய்யா. மூணு. அதுல ஒண்ணு கன்னு. கன்னுக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கு."

கிளாக்கருக்கு மலையே மங்கலாகத்தான் தெரிந்தது. "ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு மேல் திடலுக்கு வந்துரு. இனிமே நீதான் லீக்குக்கு அம்பயர்," என்றார்.

லீக் என்றால் சப்ரகமுவ மலையடிவாரத் தட்டுச் சுடுவோர் லீக். சுடுகிற உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர், மும்மூன்று பேராக நான்கு அணி. ஆளுக்கொரு லைசன்ஸ் துவக்கு, பன்னிரண்டு பைகள் வைத்துத் தைத்த ஆளுக்கொரு கோட்டு. விளையாட்டு இவ்வளவுதான்: திடலின் விளிம்பில் உள்ள குழிக்குள் ஒரு ஸ்பிரிங் மெஷின் இருக்கும். சுடுகிறவர், இழு என்பதற்கு இங்கிலீஷில், "புல்!" என்று கத்துவார். மெஷின் ஒரு களிமண் தட்டை ஆகாயத்தில் வீசும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். ஒரு துண்டாவது உடைந்து பறந்தால் அம்பயர் "ஹிட்" என்பார். உடையாவிட்டால் "லொஸ்ட்". உடையாத தட்டு திடலைத் தாண்டிச் சரிவில் இறங்கிப் போகும். சரிவின் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பத்துக் காம்பரா லயம், ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து அறைகள், இருக்கிறது. அந்த லயத்தின் நான்காம் காம்பராவில்தான் ஏழுமலையும் அவர் மனைவி அன்னலட்சுமியும் குடியிருந்தார்கள்.

லீக்கின் தலைவர் அம்பன்வல துரை. அவர் தோட்டத்தின் பழைய சுப்பிரின்டன். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. ஆனால் சின்ன பங்களாவை விட்டுப் போகவில்லை; போகும்படி அவரிடம் சொல்லவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. கிளாக்கர் கஜேந்திரன் செயலாளர். அவர் அந்தப் பன்னிரண்டில் சேர்த்தியில்லை; சுடமாட்டார், மெஷினின் பொத்தானை அழுத்துவார், தீர்மானங்களை எழுதுவார். மாவனல்லையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஸம்சுதீன் முதலாளி துணைத் தலைவர். மற்றவர்கள் லொறி முதலாளிமாரும் ஓய்வு பெற்ற அதிகாரிகளுமாக இருந்தார்கள்.

முதல் ஞாயிறு ஏழு மணிக்கே ஏழுமலை திடலுக்குப் போய் நின்றார். ஏழரைக்குக் கொடி ஏற்றினார்கள். எட்டுக்குக் குத்துவிளக்கு. ஐந்து திரியும் எரிந்தால்தான் அடுத்த நிகழ்ச்சி என்று சட்டப் புத்தகத்தில் இருந்தது. திடல் மலை உச்சியில் இருந்ததால் மூன்றாவது திரியைப் பற்ற வைக்கும்போது முதல் திரி அணைந்தது. ஒன்பதேகாலுக்கு எல்லாரும் கோட்டைக் கழற்றிச் சுற்றிலும் பிடித்துக்கொண்டு ஐந்தையும் எரிய வைத்தார்கள். பிறகு காலமான உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி. பிறகு வரவேற்புரை, வரவேற்புரைக்குப் பதிலுரை, கிரிபத்து என்கிற பாற்சோறு. முதல் துவக்கு வெடித்தபோது மணி பதினொன்று.

ஆளுக்குப் பத்துத் தட்டு. மொத்தம் நூற்றிருபது. ஏழுமலை மூன்று தடவை "ஹிட்" என்றார். நூற்றுப் பதினேழு தடவை "லொஸ்ட்" என்றார். தொண்டை கட்டிப் போயிற்று. அவர் சொன்ன மூன்று ஹிட்டில் ஒன்று மெஷினை விட்டுக் கிளம்பும்போதே இரண்டாகப் பிளந்திருந்த தட்டு. ஆள் பாவம் என்று அதைச் சேர்த்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்பன்வல துரை அவரைத் தனியாக அழைத்தார். துரை பேசியது சிங்களத்தில். ஏழுமலைக்கும் அது தாய்மொழி மாதிரிதான்.

"ஏழுமலை, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ புதிது. நீ செய்யும் தவறு என்னவென்றால், தட்டைப் பார்க்கிறாய்."

"தட்டத்தானே தொரை பார்க்கணும்?"

"இல்லை. தட்டு களிமண். இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். அம்பயர் சுடுகிறவரைப் பார்க்க வேண்டும். அவர் யார், எத்தனை வருடமாகச் சுடுகிறார், அவருடைய தகப்பனார் யார், இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். நான் நாற்பது வருடமாகச் சுடுகிறேன். நாற்பது வருடத்தில் ஒருவனும் என் முகத்துக்கு நேரே லொஸ்ட் என்று சொன்னதில்லை."

ஏழுமலை தலையாட்டினார். அடுத்த ஞாயிறு துரையின் முகத்தை நன்றாகப் பார்த்தார். ஆனால் காது வெடியைக் கேட்டதும் கண் தன்பாட்டில் ஆகாயத்துக்குப் போய்விட்டது. தட்டு முழுசாகப் பறந்துகொண்டிருந்தது. "லொஸ்ட்," என்றது வாய்.

அவருடைய கண்ணில் ஏதோ கோளாறு என்று கமிட்டி தீர்மானித்தது. லீக்கின் கடிதத் தலைப்பில் எழுதிக் கொடுத்து அவரைக் கேகாலைக்குக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பார்வையில் குறை இல்லை என்று அறிக்கை வந்தது. அந்த டாக்டருக்குத் தட்டுச் சுடுதல் பற்றித் தெரியாது என்பதால் கமிட்டி அறிக்கையை ஏற்க மறுத்தது. இரண்டாவது தடவை மாவனல்லையில் நுஸ்கா என்ற டாக்டரிடம் போனார். அவர் எல்லா எழுத்தையும் வாசிக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"நல்லா தெரியுதுங்க டொக்டர். அதான் அனுப்பிட்டாங்க."

டாக்டர் மருந்துச் சீட்டை மூடி வைத்துவிட்டு, "அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லையே," என்றார்.

கண்ணை மாற்ற முடியாது என்றானதும் சட்டத்தை மாற்றினார்கள். பௌர்ணமிப் போயா தினத்தில் துவக்கு வெடிப்பது பாவம் என்பதால் அன்றைக்குத்தான் லீக் கூட்டம் நடத்தும். ஏழுமலையும் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று உத்தரவு. அவர் கதவோரம் நின்றார். ஸம்சுதீன் முதலாளி எழுந்தார்.

"நான் பொய் சொல்ற ஆள் இல்ல. போன கெழம நான் சுட்ட ஏழாவது தட்டு ஆடிச்சு. என்ட ரெண்டு கண்ணாலயும் கண்ட. குண்டு பட்டதாலதானே ஆடிச்சு? பட்ட எண்டா ஹிட்டு. ஒடையாதது தட்டுட பிழை. தட்டுட பிழைக்கு நான் எப்படி பொறுப்பு எடுக்கிற?"

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அன்றைக்கே பதினான்காம் விதி திருத்தப்பட்டது. 'சுட்டவர், தமது குண்டு தட்டில் பட்டதாக மனப்பூர்வமாக உணர்வாராயின், அத்தட்டு உடைந்ததாகவே கொள்ளப்படும். அம்பயர் அவ்வுணர்வை மதித்துக் கையொப்பமிடுவார்.'

ஏழுமலைக்குத் திருத்தத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார் கஜேந்திரன். "வெளங்கிச்சா?"

"ஒடையலன்னாலும் ஒடைஞ்சிச்சுன்னு சொல்லணும்ங்களாய்யா?"

"அப்படி எங்க எழுதியிருக்கு? மதிக்கணும்னுதான் எழுதியிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏழுமலை, ஒங்க லயத்துக்கு தகரம் மாத்துற லிஸ்ட்டு என் மேசையிலதான் கெடக்கு. பத்துக் காம்பராவும் ஒழுகுதுன்னு நீதான எழுதிக் குடுத்த? அது மேல போகணும்னா நாலு பேரோட ஒத்துப்போகணும்."

அன்னலட்சுமியிடம் வந்து சொன்னார். அவள் ஒழுக்குக்கு வைத்திருந்த வாளியைக் காலால் நகர்த்திக்கொண்டே கேட்டாள்.

"ஹிட்டுன்னு சொன்னா ஒங்க நாக்கு தேஞ்சிருமாங்க?"

தேயவில்லை. அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு நாற்பது ஹிட். அடுத்த ஞாயிறு எண்பது. ஒரு மாதத்தில் நூற்றிருபதுக்கு நூற்றிருபது. ஏழுமலை பென்சிலால் கோடு கோடாகப் போட்டு அடியில் கையெழுத்து வைத்தார். நான்கு அணிகளும் முழுப் புள்ளியோடு சமமாக முதலிடத்தில் நின்றன. இப்படியொரு சாதனை உலகத்தில் எங்கும் நடந்ததில்லை என்று துரை பேசினார். அவர் சொன்னது முழு உண்மை. தட்டுகளும் வழக்கம்போல் முழுசாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்தில் ஒரு பழக்கம் வந்திருந்தது. பதினொரு மணியானால் கோழிகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கூரைமேல் தட்டு விழும் சத்தத்தை எண்ணுவார்கள். தகரம் பல இடங்களில் நசுங்கி, ஆணி பிடுங்கி, ஒழுக்கு இன்னும் கூடியது. நசுங்காத இடம் அன்னலட்சுமியின் அடுப்படிக்கு மேல் மட்டும்தான் இருந்தது. அதற்கும் ஒரு நாள் வந்தது.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு, ஏழாம் காம்பரா மல்லிகா காயப்போட்ட உடுப்பை எடுக்க அவசரமாக வெளியே ஓடினாள். வந்த தட்டு அவளுடைய வலது முன்கையில் விளிம்போடு அடித்தது. எலும்பு உடைந்துவிட்டது. தட்டு புல்லில் விழுந்தது. அது உடையவில்லை.

மல்லிகா ரப்பர் வெட்டுகிறவள். வலது கை இல்லாமல் கத்தி பிடிக்க முடியாது. ஆறு வாரம் கட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லாத வீடு. மறுநாள் கட்டுப் போட்ட கையும் மறு கையில் அந்தத் தட்டுமாக அவள் ஏழுமலையின் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்கதானே அங்க நிக்கிறீங்க. நீங்களே கூட்டிட்டுப் போய் சொல்லுங்கண்ணே."

ஏழுமலை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கூட நடந்தார்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. துரை தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கஜேந்திரனிடம் நேற்றைய புள்ளித் தாளைக் கேட்டார்.

"நூற்றிருபது தட்டு எறியப்பட்டது. நூற்றிருபதும் உடைந்தது. அம்பயர் கையொப்பம் இருக்கிறது. இது உன் கையெழுத்துதானே, ஏழுமலை?"

"ஆமாங்க தொரை."

"அப்படியானால் இந்தத் தட்டு நாங்கள் எறிந்தது இல்லை. நாங்கள் எறிந்த எல்லாம் உடைந்துவிட்டன. இது உடையவில்லை."

"தொரை, அது மேல இருந்துதான் வந்திச்சு. எங்க கூரையில நீங்களே வந்து பாருங்க," என்றாள் மல்லிகா.

துரை பெருமூச்சு விட்டார். "அம்மா, உன் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நிறுவனம் ஆதாரத்தின்மேல்தான் நிற்க முடியும். கையின்மேல் நிற்க முடியாது. நாளைக்கு ஒருவர் காலைக் கொண்டு வருவார். அதற்கெல்லாம் நாங்கள் புள்ளித் தாளை மாற்றினால் இந்த விளையாட்டுக்கு என்ன மரியாதை இருக்கும்?"

ஸம்சுதீன் முதலாளிக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. "அதுசரி, எறியாத தட்டு லயத்துக்கு எப்படி போன? லயத்தில இன்னும் எத்தன தட்டு ஈக்கி?"

"ஒரு சாக்கு நெறைய இருக்குங்க. புள்ளைக பொறுக்கி வச்சிருக்கு," என்றாள் மல்லிகா, ஆதாரம் கேட்கிறார்கள் என்று நினைத்து.

மறுநாள் லயத்துக்கு ஒரு கடிதம் வந்தது. லீக்குக்குச் சொந்தமான பாவிக்கப்படாத தட்டுகள் சட்டவிரோதமாக லயத்தில் வைக்கப்பட்டிருப்பதாகவும், ஏழு நாட்களுக்குள் ஒப்படைத்தால் களவுக் குற்றச்சாட்டு மன்னிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. ஏழாம் நாள் பெண்கள் ஆளுக்கு ஒரு முடிச்சாகத் தட்டுகளைத் தலையில் வைத்து மேலே சுமந்துபோய்க் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு அதே தட்டுகளை மெஷினில் போட்டு எறிந்தார்கள். பின்னேரத்துக்குள் எல்லாம் லயத்துக்குத் திரும்பி வந்தன.

அன்றைக்கு ஏழுமலை சாப்பிடவில்லை.

"ஏங்க, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள் அன்னலட்சுமி.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. மல்லிகா கைய ஒடைச்சது நான்தான் புள்ள."

"நீங்களா சுட்டீங்க?"

"சுட்டவங்க ஒடைக்கல. கையெழுத்துப் போட்டவன்தான் ஒடைச்சிருக்கேன்."

அவள் எழுந்தாள். வாளியில் நிறைந்திருந்த தண்ணீரை வெளியே கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள். "தகரம் வந்தாலும் அதையும்தான் ஒடைக்கப் போறாங்க. ஒங்க கண்ணு என்ன பார்க்குதோ அதச் சொல்லிட்டு வாங்க. படுத்து தூங்கவாவது செய்வீங்க," என்றாள்.

வருடாந்த இறுதிப் போட்டி வந்தது. பிரதம விருந்தினராக விளையாட்டுத் துறையின் பெரிய அதிகாரி ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். ரம்புக்கனையில் ரயிலைவிட்டு இறங்கியதிலிருந்து அவருக்கு மாலை போட்டுக்கொண்டே இருந்ததால் முகம் பாதிதான் தெரிந்தது. தட்டுச் சுடுதலை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். விளக்கு அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது.

முதலில் துரை. "புல்!" வெடி. தட்டு நிதானமாகப் பறந்து சரிவில் மறைந்தது.

ஏழுமலை தட்டின் போக்கைக் கடைசிவரை பார்த்தார். வாயைத் திறந்தார். "லொஸ்ட்!"

திடல் உறைந்துபோயிற்று. கஜேந்திரன் பொத்தானை அழுத்துவதை மறந்தார். அந்த அமைதியில் பிரதம விருந்தினர் மட்டும் கைதட்டினார். அம்பயர் அவ்வளவு உரக்கக் கத்தினால் அது நல்ல செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டார். அவர் கைதட்டியதும் மற்றவர்களும் தட்ட வேண்டியதாயிற்று.

"லொஸ்ட்!" கைதட்டல். "லொஸ்ட்!" கைதட்டல். முப்பதாவது தட்டில் பிரதம விருந்தினர் தானும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார். எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வழியில்லை. நூற்றிருபது தட்டும் முடிந்தது. நூற்றிருபதும் லொஸ்ட். ஏழுமலை தாளில் அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்து, அதைக் கஜேந்திரன் எட்டிப் பிடிப்பதற்குள் பிரதம விருந்தினரின் கையில் கொடுத்துவிட்டார்.

பிரதம விருந்தினர் பேசினார். "நான் பல மாவட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ஒரே நாளில் இத்தனை லொஸ்ட்டுகளை எங்கும் கண்டதில்லை. உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன என்று உங்கள் தலைவரிடம் கேட்டேன். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதுதான் அர்ப்பணிப்பு. இந்தத் தாளை அமைச்சில் சட்டம் போட்டு மாட்டச் செய்வேன்." சொன்னபடி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டுப் போனார்.

தன்னை வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள் என்று ஏழுமலை நினைத்தார். ஆனால் லொஸ்ட் எழுதிய அம்பயரை நிறுத்தினால், அந்த லொஸ்ட்டுகள் என்னவென்று அமைச்சு கேட்கும். போயா தினத்தில் கமிட்டி மாலை வரை யோசித்தது. கடைசியில் துரை எழுந்தார்.

"நண்பர்களே, நமக்குள் வந்த சண்டைக்கெல்லாம் காரணம் எது? துவக்கா? இல்லை. அம்பயரா? அவன் வெறும் கருவி. தட்டு. தட்டு இல்லாதபோது நாம் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம்! தட்டு வந்ததால்தான் ஹிட் என்றும் லொஸ்ட் என்றும் பிரிவினை வந்தது. உண்மையான சுடுநருக்குத் தட்டு தேவையில்லை."

ஏகமனதாகத் தட்டு ஒழிக்கப்பட்டது. கஜேந்திரன் வெளியே வந்து ஏழுமலையிடம் செய்தியைச் சொன்னார்.

"இனிமே தட்டு எறிய மாட்டோம். 'புல்' சொல்லுவாங்க, சுடுவாங்க. நீ ஹிட்டுன்னு சொல்லணும். இதுலயாவது ஒனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே? பாக்கிறதுக்கு எதுவுமே இல்ல."

ஏழுமலை லயம் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப லயத்துக்கு ஒண்ணும் வராதுங்களா?"

"என்ன வரும்? தட்டே இல்லையே. தகர லிஸ்ட்டையும் நான் எடுத்துட்டேன். கூரைக்கு இனிமே ஆபத்து இல்லைங்கிறதால, தகரம் தேவையில்லைன்னு எழுதியாச்சு."

"ஒழுக்கு இருக்குங்களேய்யா."

"ஒழுக்குக்கு வேற பாரம் நிரப்பணும்."

ஏழுமலைக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று வீடு வரும்வரை யோசித்தார். தான் போகாவிட்டால் தட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. அதனால் ஞாயிறு ஏழு மணிக்குப் போனார்.

கொடி, விளக்கு, அஞ்சலி, உரை எல்லாம் முடிந்து துரை வந்து நின்றார். "புல்!" கஜேந்திரன் பொத்தானை அழுத்தினார். மெஷினின் கை வெறுமையாகச் சுழன்றது. வெடி கேட்டது. ஏழுமலை ஆகாயத்தைப் பார்த்தார். சுத்தமான நீல ஆகாயம். கீழே லயத்தில் மல்லிகாவும் இன்னும் இரண்டு பெண்களும் வெளியே நின்று உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவெல்லாம் திறந்திருந்தது.

"ஹிட்," என்றார் ஏழுமலை.

எல்லாம் ஒழுங்காகப் போனது, ஸம்சுதீன் முதலாளியின் முறை வரும்வரை. அவருடைய மூன்றாவது வெடிக்கும் ஏழுமலை "ஹிட்" என்றார். துரை கையை உயர்த்தினார்.

"ஆட்சேபணை. நான் கவனித்துக்கொண்டிருந்தேன். துண்டு பறக்கவில்லை."

முதலாளியின் முகம் சிவந்தது. "என்ன தொரை பேசிற? இடது பக்கமா ஒரு துண்டு போன. நான் கண்ட."

"இடது பக்கம் நான்தான் நின்றேன். அது சுத்தமான லொஸ்ட்."

"ஒங்கட ரெண்டாவது தட்டு மட்டும் ஒடைஞ்சதா? அது முழுசா மரத்துக்கு மேலால போன. மரியாதைக்கு பேசாம ஈந்தேன்!"

இருவருடைய அணிகளும் எழுந்து நின்றன. கஜேந்திரன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சந்தேகம் எழுந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுத்துக் கமிட்டி முன் வைக்க வேண்டும் என்று இருபத்தோராம் விதி சொன்னது. துவக்குகளைச் சாய்த்து வைத்துவிட்டு, பன்னிரண்டு பேரும் சரிவில் இறங்கி மானாப் புல்லுக்குள் குனிந்தார்கள்.

ஏழுமலை புள்ளித் தாளைத் திடலோரம் தரையில் வைத்தார். பிறகு தாளின் மேல் பென்சிலை வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு, குறுக்குப் பாதையால் லயத்துக்கு இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை.

உடுப்புக் கம்பியடியில் மல்லிகா நின்றாள். கட்டு அவிழ்த்த கை இன்னும் வெளிறிப்போய் மெலிந்திருந்தது.

"என்ன அண்ணே, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"இல்ல. தேடுறாங்க."

"என்னத்த?"

ஏழுமலை மேலே திரும்பிப் பார்த்தார். புல்லுக்குள் பன்னிரண்டு முதுகுகள் தெரிந்தன. யாரோ ஒருவர் எதையோ கண்டெடுத்தவர்போலக் கையைத் தூக்கிக் கத்தினார். மற்றவர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் தண்ணி குடு மல்லிகா," என்றார்.